பெட்டிமேல் ஏறாத பெயர்கள்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம், வீட்டிலே கிடக்கும் வெற்றுப் பெட்டிகளைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். வாணிகம் வளர்ந்த வரலாற்றை, ஏட்டிலே உள்ளபடி படித்துக் காட்டுவதோடு நில்லாமல், கையிலே ஏந்திப் பார்க்கும்படி செய்யலாமே என்ற ஆசை. சோப்புப் பெட்டி வந்தது, தேயிலைப் பொட்டலம் வந்தது, பற்பசை அடைத்த அட்டைக் கூடு வந்தது, தீப்பெட்டி வந்தது. ஒருவன் மட்டும், அண்ணன் வாங்கிய வீடியோ விளையாட்டின் பெட்டியைக் கொண்டு வந்திருந்தான். முகப்பிலே ஒரு வீரன். அவனுக்குப் பின்னே தீப்பிழம்பு. வானத்திலே சீறும் விமானங்கள். அந்த மாணவன் எழுந்து கேட்டான்: "சார், இந்தப் படத்தை வரைஞ்சது யாரு?"

பெட்டியைப் புரட்டினோம். மேற்புறம், கீழ்ப்புறம், நான்கு பக்கமும் தேடினோம். கம்பெனியின் பெயர் இருந்தது. விலை இருந்தது. முகவரி இருந்தது. குறை கூற விரும்பினால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் இருந்தது. வரைந்தவன் பெயர் இல்லை! மற்றப் பெட்டிகளையும் எடுத்து வரிசையாகப் பார்த்தோம். சோப்பைக் காய்ச்சியவன் இல்லை, தேயிலையைக் கிள்ளியவள் இல்லை, தீக்குச்சியை அடுக்கியவள் இல்லை. உரியவன் இருக்கிறான், உழைத்தவன் இல்லை.

மாணவனுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. தேடினேன். தேடியபோது, பெட்டிமேல் தன் பெயரைக் காண வேண்டும் என்பதற்காகவே ஒரு பெருங்கம்பெனியோடு மோதிய சிலரின் கதை கிடைத்தது. நடந்த இடம் அமெரிக்கா. நடந்த காலம், 1977 தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள். அந்தக் கதைக்குள் புகுமுன், பெட்டி என்ற ஒன்று எப்படிப் பிறந்தது என்பதைச் சற்றே சொல்லியாக வேண்டும்.

முன்பெல்லாம் பண்டத்துக்கு முகம் கிடையாது. இங்கிலாந்திலே சோப்பு நீண்ட கட்டியாகக் கடைக்கு வரும். கடைக்காரன் வெட்டி, எடை போட்டுக் கொடுப்பான். வில்லியம் லீவர் என்ற மளிகை வணிகர் 1884 இல் 'சன்லைட்' என்ற பெயரைப் பதிவு செய்தார். சோப்பை அளவாக வெட்டி, தாளிலே சுற்றி, அட்டைப் பெட்டியிலே அடைத்து, அந்தப் பெயரைப் பொறித்து விற்றார். 1888 இல் கல்கத்தாத் துறைமுகத்திலே வந்திறங்கின அவருடைய பெட்டிகள், 'லீவர் சகோதரர்கள்' என்ற முத்திரையோடு! கடைக்காரன் சொல்லை நம்பி வாங்கியவர்கள், அதன்பின் பெட்டியின் சொல்லை நம்பி வாங்கத் தொடங்கினர்.

பெட்டி பேசத் தொடங்கியதும் பொய்யும் பேசத் தொடங்கிற்று. அமெரிக்காவிலே 1877 இல், ஓட்ஸ் தானியம் விற்ற ஓர் ஆலை, குவேக்கர் உடை தரித்த மனிதனின் உருவத்தை முத்திரையாகப் பதிவு செய்தது. குவேக்கர் என்பது கிறித்தவ சமயத்தின் ஒரு பிரிவு. கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர்கள் என்று பெயர் பெற்றவர்கள். அந்தச் சபைக்கும் ஓட்ஸ் ஆலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தானியம் மதத்தின் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டது! நம் நாட்டிலே நெற்றி நிறைய நீறு பூசிய வணிகனிடம் தராசைக் கவனிக்காமல் வாங்குவோர் உண்டல்லவா, அதே மயக்கந்தான். ஓட்ஸ் உடம்புக்குக் கேடு செய்யவில்லை; ஆகவே அந்தப் பொய்யைச் சிரித்து மன்னித்துவிடலாம். 'திருமதி வின்ஸ்லோவின் சாந்த மருந்து' என்ற ஒன்றை மன்னிக்க முடியுமா? பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று 1849 முதல் விற்றார்கள். அதன் விளம்பர அட்டைகளிலே கனிவான தாய், மடியிலே சிரிக்கும் குழந்தை. புட்டியின் உள்ளே இருந்தது மார்பின் — அபினியின் சாறு! அழுத குழந்தை அடங்கிற்று. சில குழந்தைகள் அடங்கியது அடங்கியதுதான். மீண்டும் அழவே இல்லை.

1906 இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றிற்று. பொய்யான குறிப்பை உறைமேல் போடலாகாது. அபினி, மார்பின் போன்றவை கலந்திருப்பின் அதைப் பொறித்தாக வேண்டும் என்றது சட்டம். நல்ல சட்டம். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னது. உள்ளே இருப்பதை ஆக்கியவன் யார் என்று சொல்லச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றக்கூட இல்லை. தோன்றியது எழுபது ஆண்டு கழித்து. அதுவும் சோப்புப் பெட்டியால் அல்ல, சிறுவர் ஆடும் விளையாட்டுப் பெட்டியால்!

கலிபோர்னியாவிலே 1972 இல் நோலன் புஷ்நெல், டெட் டாப்னி என்ற இருவர் தொடங்கிய கம்பெனி அட்டாரி. 1976 இல் வார்னர் என்ற பெரும் நிறுவனம் அதை 2 கோடியே 80 இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. மறு ஆண்டு செப்டம்பரிலே, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீட்டிலேயே ஆடத்தக்க ஒரு பொறியை அட்டாரி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பொறி ஒன்றுதான், விளையாட்டுகளோ பல. ஒவ்வொன்றும் 'கார்ட்ரிட்ஜ்' எனப்படும் கறுப்பு நிறச் சிறு பேழைக்குள் அடங்கியிருக்கும். பேழையைச் செருகினால் ஆட்டம். எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகினால் வேறோர் ஆட்டம். அந்தப் பேழை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டைப் பெட்டி, பெட்டிமேல் ஓர் ஓவியம்.

ஓவியம் என்றால், சாதாரண ஓவியமா! பொறியோடு இலவசமாகக் கொடுத்த ஆட்டத்துக்குப் பெயர் 'காம்பாட்' — போர். அதன் பெட்டி ஓவியத்தை வரைந்தவர் கிளிஃப் ஸ்போன். தகர்த்து முன்னேறும் கவச வண்டிகள், சுழன்று பாயும் விமானங்கள், ஒன்றன்மேல் ஒன்று உருண்டு வருவதுபோல் அடுக்கிய தோற்றம். தூரிகையின் விசையே போரின் விசையாக மாறியிருக்கும். பேழையைச் செருகினாலோ, திரையிலே தென்படுவது இரண்டு சப்பைக் கட்டங்கள்! ஒரு கட்டம் நகரும், ஒரு புள்ளியைத் துப்பும்; அடுத்த கட்டம் மேலே பட்டால் சுழலும். அவ்வளவுதான் போர்.

இன்னொன்று, 'சூப்பர் பிரேக்அவுட்'. பெட்டியிலே விண்வெளி வீரன், வண்ணச் சுடர், எல்லையற்ற ஆகாயம். திரையிலே ஒரு கோடு, ஒரு பந்து, சில செங்கல் வரிசை. பந்தைத் தட்டிச் செங்கல்லை உடைக்க வேண்டும். விண்வெளி எங்கே, வீரன் எங்கே என்று கேட்டால், அட்டையிலே!

ஏமாற்று என்று ஒரே சொல்லிலே முடித்துவிடத் தோன்றும். எனக்கும் முதலிலே அப்படித்தான் தோன்றிற்று. ஆனால், பொறியின் நிலையை அறிந்த பிறகு அந்தச் சொல்லைச் சற்றே அடக்கிக்கொண்டேன். அந்தப் பொறிக்கு இருந்த நினைவிடம் 128 பைட். அஞ்சலட்டையிலே ஊர் நலம் விசாரித்து எழுதும் நாலு வரிக்குக்கூடப் போதாது! அதற்குள்ளேயே ஆடுகிறவன் இருக்குமிடம், எதிரி இருக்குமிடம், எண்ணிக்கை, எல்லாம் அடங்க வேண்டும். பேழைக்குள் ஆட்டத்தின் கட்டளைகள் அனைத்துக்குமாகச் சேர்த்துப் பெரும்பாலும் நான்காயிரம் பைட்டுக்கு மேல் இல்லை. அத்தனை வறுமையிலே கவச வண்டி கட்டமாகத்தான் வரும், வேறெப்படி வரும்? கூத்துமேடையிலே ஒரு கம்பை நட்டுவிட்டு, இதுதான் காடு என்பார்கள். நாம் ஒப்புக்கொள்வோம், பின்னே தொங்கும் திரைச்சீலையிலே காடு தீட்டியிருப்பதால். பெட்டி ஓவியமும் அத்தகைய திரைச்சீலை. சிறுவன் ஓவியத்தை மனத்திலே ஏற்றிக்கொண்டு கட்டத்தை ஓட்டினான். ஓவியர் பொய்யர் அல்லர். பாதி ஆட்டத்தை ஆக்கியவரே அவர்தாம்.

பொய் வேறிடத்திலே இருந்தது. கடையிலே அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே பெயர் — அட்டாரி. மலைபோல் எழும் மூன்று கோட்டு முத்திரை. இந்த ஆட்டம் ஆகாயத்திலிருந்து குதித்ததா, அட்டாரி என்ற அருவத்தின் திருவிளையாடலா? இல்லை. அந்நாளிலே ஓர் ஆட்டத்தை ஆக்குவது ஓர் ஆளின் வேலை. கருத்தைக் கண்டுபிடிப்பது, நிரல் எழுதுவது, உருவம் அமைப்பது, ஓசை சேர்ப்பது, பிழை திருத்துவது, எல்லாம் ஒரே ஆள்! பல மாதம் இரவு பகலாய் உட்கார்ந்து, ஒரு பைட்டை மிச்சப்படுத்த ஒரு நாளைச் செலவிட்டு, அவன் ஆக்கினான். ஒரு நாவலை எழுதியவனைப் போலத்தான் அவனும். நாவலின் அட்டையிலே எழுதியவன் பெயர் இல்லாமல் அச்சகத்தின் பெயர் மட்டும் இருந்தால் நாம் விடுவோமா?

1978 இல் அட்டாரிக்குத் தலைமையேற்க வந்தார் ரே கஸ்ஸார். ஜவுளித் தொழிலிலே பெரும் பதவி வகித்தவர். வாணிகம் அறிந்தவர், விற்பனையைப் பெருக்கியவர், மறுப்பதற்கில்லை. அவர் காலத்திலே ஒரு சுற்றறிக்கை நிரலாளர்களின் கைக்கு வந்தது: எந்தெந்த ஆட்டம் எவ்வளவு விற்றது என்ற கணக்கு. நன்றாக விற்றவற்றைப் போல் ஆக்குங்கள் என்பது அதன் கருத்து. கணக்கைக் கொடுத்தவர், படிப்பவனுக்கும் கணக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டார்! டேவிட் கிரேன், லாரி கப்லான், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்ற நால்வர் கூட்டிப் பார்த்தனர். ஏறத்தாழ பத்துக் கோடி டாலர் விற்பனையிலே நூற்றுக்கு அறுபது பங்கு, அவர்கள் நால்வர் ஆக்கிய ஆட்டங்களால் வந்தது. அவர்களுக்குக் கிடைத்த சம்பளமோ, ஆண்டுக்கு ஆளுக்கு முப்பதாயிரம் டாலர் அளவில். பின்னாளிலே அவர்கள் சொன்ன கணக்கு இது.

தலைவரிடம் சென்றனர். பெட்டியிலே எங்கள் பெயரைப் போடுங்கள், விற்பனையிலே சிறு பங்கு கொடுங்கள், இசைத்தட்டிலே பாடகனுக்குச் செய்வதுபோல் செய்யுங்கள் என்றனர். கிடைத்த விடையை டேவிட் கிரேன் பலமுறை கூறியிருக்கிறார்: தொழிற்கூடத்து வரிசையிலே நின்று பேழையைப் பூட்டும் ஆளுக்கு உள்ள முக்கியத்துவம்தான் உங்களுக்கும், அதற்கு மேல் இல்லை.

நால்வரும் வெளியேறினர். அந்த விடையைப் பற்றி எனக்கு வேறொரு கருத்து உண்டு, பின்னர் சொல்கிறேன்.

அட்டாரியின் உள்ளேயே இருந்த இன்னொருவர் வேறு வழி கண்டார். வாரன் ராபினெட் என்பது பெயர். இருபதுகளிலே இருந்த இளைஞர். அவர் ஆக்கியது 'அட்வென்ச்சர்' என்ற ஆட்டம். பெட்டியிலே சூசன் ஜேக்கல் தீட்டிய கோட்டையும் புதிர் வழியும் பறவைநாகமும் மின்னும். திரையிலே கதைத்தலைவன் வெறும் சதுரம். பறவைநாகமோ, பார்த்தவர் எல்லாம் வாத்து என்று சிரிக்கும்படியான உருவம்! ஆனால் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் சென்று, சாவி தேடி, கோட்டை திறந்து, களவுபோன கிண்ணத்தை மீட்கும் அந்த ஆட்டத்தைப் போல் ஒன்றை அதற்கு முன் அந்தப் பொறியிலே யாரும் கண்டதில்லை. பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது; ஒன்றின் விலை 25 டாலர். ராபினெட்டுக்கு ஆண்டுச் சம்பளம் 22,000 டாலர் என்று அவரே கூறியிருக்கிறார். பெயர்? கிடையாது.

கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆகவே அவர் கேட்கவில்லை, எழுதினார்! ஆட்டத்தின் உள்ளே ஓர் இரகசிய அறையைக் கட்டினார். கருங்கோட்டைக்குள்ளே, அடைபட்ட ஒரு மூலையிலே, தரையின் சாம்பல் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தென்படாத ஒரே ஒரு புள்ளி. அதைக் கண்டெடுத்துக் குறிப்பிட்ட சுவர்ப்பக்கம் கொண்டுபோனால் சுவர் வழிவிடும். அப்பாலுள்ள அறையிலே, மேலிருந்து கீழாக, வண்ணம் மாறி மாறி ஒளிரும் எழுத்துகள்: 'ஆக்கியவர் வாரன் ராபினெட்'. உடன் பணி புரிந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை. இலட்சக்கணக்கான பேழைகளிலே அந்தப் பெயர் ஏறிற்று, பெட்டி பெட்டியாகக் கப்பலேறிற்று, கம்பெனிக்கே தெரியாமல்! 1979 இல் வேலையை விட்டுப் போய்விட்டார்.

மன்னன் பெயர் மட்டுமே பொறிக்க வேண்டிய கோபுரத்திலே, யாரும் அண்ணாந்து பார்க்காத ஒரு மூலையில், கல்தச்சன் தன் உளியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனது போன்ற செயல். அதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

1980 இல், சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். கம்பெனி திடுக்கிட்டது. நீக்கலாமென்றால், பேழைக்குரிய வார்ப்பை மாற்ற ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். விட்டுவிட்டனர். விட்டதோடு நில்லாமல், ஈஸ்டர் திருநாளிலே பிள்ளைகள் தேடுவதற்காக ஒளித்துவைக்கும் முட்டையைப் போல என்று அதற்கொரு செல்லப் பெயரும் சூட்டிவிட்டனர்! இன்றும் உலகம் முழுவதும் 'ஈஸ்டர் முட்டை' என்பது, விளையாட்டிலே ஒளித்துவைத்த வேடிக்கைக்குப் பெயர். தன் பெயருக்காக ஓர் இளைஞன் செய்த கலகம் பிள்ளை விளையாட்டு என்ற பெயரிலே வழங்குகிறது. கலகத்தை அடக்க முடியாதபோது பண்டிகை ஆக்கிவிடுவது ஆதிக்கத்தின் பழைய பழக்கம், நாம் அறியாததா!

வெளியேறிய நால்வரும், இசைத்தட்டு வாணிகத்திலிருந்து வந்த ஜிம் லெவி என்பவரும் சேர்ந்து 1979 அக்டோபரிலே 'ஆக்டிவிஷன்' என்ற கம்பெனியை அமைத்தனர். அட்டாரியின் பொறிக்கு அட்டாரி அல்லாத ஒருவர் பேழை ஆக்கி விற்பது அதுவே முதல் முறை. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982 இல் சமரசமாக முடிந்தது, உரிமைத்தொகை கொடுப்பது என்ற ஏற்பாட்டோடு.

ஆக்டிவிஷன் பெட்டியை எடுத்துப் பாருங்கள். ஆக்கியவரின் பெயர் இருக்கிறது. உள்ளேயிருக்கும் கையேட்டிலே அவருக்கென்று ஒரு பக்கம்: நிழற்படம், கையொப்பம், எப்படி ஆடினால் வெல்லலாம் என்று ஆடுகிறவனுக்கு அவர் தரும் யோசனை. இதனோடு இன்னொரு மாறுதலும் நேர்ந்தது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. பெட்டியின் படம் மாறிற்று! பொங்கிப் பாயும் போர்க்களம் போயிற்று. திரையிலே என்ன தெரியுமோ அதையே எளிய கோடும் தெளிந்த வண்ணமுமாகத் திருத்தித் தீட்டினர். மீன்பிடி ஆட்டத்தின் பெட்டியிலே மீன்பிடி, 'பிட்ஃபால்' பெட்டியிலே காட்டுக்கொடியைப் பற்றித் தாவும் மனிதன். திரையிலும் அவனே தாவுவான், சற்றே சதுரமாக. பெயரைப் போட்டவன் பொய்யைப் போடக் கூசுகிறான். அருவமான கம்பெனி எதையும் காட்டலாம். 'டேவிட் கிரேன் ஆக்கியது' என்று அச்சிட்ட பெட்டி, நாளைக்கு டேவிட் கிரேனை வழியிலே கண்டு கேட்கக் கூடிய சிறுவனுக்கு விடை சொல்லியாக வேண்டுமே! அவர் ஆக்கிய 'பிட்ஃபால்' 1982 இல் வந்து, நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது.

பெண்ணொருத்தியின் பெயரும் அந்தப் பெட்டியிலே ஏறிற்று. கரோல் ஷா 1978 இல் அட்டாரியிலே சேர்ந்தவர். கணினிப் பொறியியல் கற்றவர். ஒருநாள் தலைவர் வந்து பார்த்துவிட்டு, ஆகா, பெண் நிரலாளர் கிடைத்துவிட்டார், இனிப் பேழைகளுக்கு வண்ணப் பொருத்தம் பார்க்கலாம், உள்ளலங்காரம் செய்யலாம் என்ற கருத்திலே பேசிச் சென்றாராம். கரோல் ஷாவே பின்னர் நினைவுகூர்ந்தது இது. முப்பரிமாணக் கட்ட விளையாட்டை 128 பைட்டுக்குள் அடக்கியவளுக்கு வண்ணப் பொருத்தம் பார்க்கும் வேலை! 1982 இல் ஆக்டிவிஷனுக்காக அவர் ஆக்கிய 'ரிவர் ரெய்ட்' வெளிவந்தது. நீண்டு நீண்டு செல்லும் ஆறு, கரையிலே காடு, மேலே பறக்கும் விமானம். ஆற்றின் வளைவுகளைப் பேழைக்குள் சேமித்து வைக்க இடமில்லாமல், கணக்கு ஒன்றின் வழியே அவ்வப்போது தானே விளையும்படி செய்திருந்தார். அந்த ஆட்டத்தால் கிடைத்த பங்கு, 1990 இலேயே அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறத் துணை செய்தது.

அட்டாரியும் வழிக்கு வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகப் பறந்துவிடக் கண்டு, விற்பனையிலே பேழைக்கு இத்தனை காசு என்று நிரலாளர்களுக்குப் பங்கு கொடுக்கத் தொடங்கிற்று. தன்மானம் உள்ள நாலைந்து பேர் எழுந்து வெளியே நடந்தால், உள்ளே இருப்பவனுக்கும் கூலி உயர்கிறது.

நான் பின்னர் சொல்கிறேன் என்று நிறுத்திய கருத்துக்கு வருகிறேன். தொழிற்கூடத்து வரிசையிலே நிற்பவனுக்குள்ள முக்கியத்துவம்தான் உங்களுக்கும் என்றார் தலைவர். நிரலாளர்களுக்குச் சுரீரென்று தைத்தது. இந்தக் கதையை எழுதியவர்கள் எல்லோரும், எத்தகைய அவமானம் என்றே எழுதியிருக்கிறார்கள். எங்கே இருக்கிறது அவமானம்? பேழையைப் பூட்டுகிறவளோடு ஒப்பிட்டதிலா? அல்லது, பேழையைப் பூட்டுகிறவள் ஒன்றுமில்லாதவள் என்று தலைவரும் நினைத்து, எதிரே நின்றவர்களும் நினைத்ததிலா? தலையிலே பிறந்தவன் ஒருவன், காலிலே பிறந்தவன் ஒருவன் என்று பிரித்த பழைய ஏட்டை எரிக்க வேண்டும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மூளையால் உழைப்பவன் மேல், கையால் உழைப்பவன் கீழ் என்ற அந்த ஏட்டின் படி ஒன்று, பாதிரியும் புரோகிதரும் இல்லாத கலிபோர்னியத் தொழிற்கூடத்திலும் இருந்திருக்கிறது. நால்வரின் போராட்டம் நியாயமானது. அவர்கள் பெற்றது முழுதும் அவர்களுக்கு உரியது. நாங்கள் வரிசையாட்கள் அல்லர் என்றார்கள். வரிசையாட்களுக்கும் பெயர் உண்டு என்று சொல்லியிருந்தால் இன்னும் உயர்ந்திருப்பார்கள்.

அந்த வரிசை என்ன ஆயிற்று தெரியுமா? 1983 பிப்ரவரியிலே அட்டாரி, பொறி செய்யும் வேலையை ஆங்காங்குக்கும் தைவானுக்கும் மாற்றப் போவதாக அறிவித்தது. அங்கே கூலி குறைவு. கலிபோர்னியாவிலே 1,700 பேருக்கு வேலை போயிற்று. வெளியேறிப் புதுக்கம்பெனி தொடங்க அவர்களிடம் நிரல் இல்லை; கை மட்டும் இருந்தது.

ஓவியர்களுக்கோ, ஆக்டிவிஷன் பெட்டியிலும் இடம் கிடைக்கவில்லை. ஆட்டத்தை எழுதியவர் பெயர் அச்சாகியிருக்கும். அட்டையைத் தீட்டியவர் பெயர் இருக்காது. முதன்முதலில் பார்வையை இழுப்பது அவர் கை. முதன்முதலில் மறக்கப்படுவதும் அதுவே.

இதற்கிடையே அட்டாரியின் அட்டைக்கும் ஆட்டத்துக்கும் இருந்த தூரம் பெருகிக்கொண்டே போயிற்று. 1982 இல் 'ஈ.டி.' என்ற திரைப்படம் உலகையே கவர்ந்தது. அதன் பெயரையும் படத்தையும் பெட்டியிலே போடும் உரிமைக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கிறிஸ்துமசுக்குள் கடைக்கு வர வேண்டுமென்பதால், ஆட்டத்தை ஆக்க ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளருக்குக் கொடுத்த காலம் ஐந்தே வாரம்! அட்டைக்குக் கோடி, ஆட்டத்துக்கு ஐந்து வாரம். ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேழைகள் செய்தனர். பெரும்பகுதி விற்கவில்லை, விற்றவையும் திரும்பி வந்தன. இந்த ஓர் ஆட்டமே தொழிலைக் கவிழ்த்தது என்பார்கள்; அது மிகை. யார் யாரோ அவசர அவசரமாக ஆக்கிய நூற்றுக்கணக்கான பேழைகள், கவர்ச்சிப் படம் ஒட்டிய பெட்டிகளிலே கடைகளை நிரப்பியிருந்தன. வாங்கி ஏமாந்தவர்கள் வாங்குவதையே நிறுத்திவிட்டனர். 1983 இல் 300 கோடி டாலரைத் தாண்டியிருந்த அமெரிக்க வீட்டு விளையாட்டு வாணிகம் 1985 இல் 10 கோடி அளவுக்குச் சரிந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சரிந்த சந்தைக்குள் 1985 இல் ஜப்பானிய நிண்டெண்டோ நுழைந்தபோது, முதல் வரிசைப் பெட்டிகளுக்கு என்ன படம் போட்டது தெரியுமா? கறுப்புப் பின்னணியிலே, திரையில் தோன்றும் அதே சதுரப் புள்ளி உருவத்தைப் பெரிதாக்கிப் போட்டது. அலங்காரம் இல்லை. உள்ளே இதுதான் இருக்கிறது, பார்த்துக்கொள் என்றது பெட்டி. ஏமாந்த மக்களிடம் மறுபடி கடை விரிக்க அந்த நேர்மை தேவைப்பட்டது. பெட்டியிலே ஆக்கியவர் பெயர்? அது மறுபடியும் இல்லை!

விற்காத பேழைகளை அட்டாரி 1983 செப்டம்பரிலே லாரி லாரியாக ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டிலே கொட்டிப் புதைத்து, மேலே காங்கிரீட்டும் ஊற்றிற்று. கட்டுக்கதை என்றே பலர் பல காலம் நினைத்தார்கள். 2014 ஏப்ரல் 26 அன்று, புழுதிக் காற்றுக்கிடையே, கூட்டம் சூழ்ந்து நிற்க, அந்த இடத்தைத் தோண்டினர். நசுங்கிய பெட்டிகள் வெளிவந்தன. முப்பது ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் அட்டைப்படம் அடையாளம் தெரிந்தது. 'ஈ.டி.' மட்டுமல்ல, வேறு பல ஆட்டங்களும் இருந்தன. ஏறத்தாழ 1,300 பேழைகளை எடுத்தனர். ஐந்து வாரத்திலே அந்த ஆட்டத்தை எழுதி, முப்பது ஆண்டாகப் பழி சுமந்த வார்ஷாவும் அந்தக் கூட்டத்திலே நின்றிருந்தார். ஆட்டத்தின் மூலையிலே ராபினெட்டைப் போலவே அவரும் தம் பெயரின் முதலெழுத்துகளை ஒளித்து வைத்திருந்தார்.

ஓவியர்களின் முறை கடைசியாக வந்தது. 2016 இல் டிம் லாபெட்டினோ என்ற வடிவமைப்பாளர், கிளிஃப் ஸ்போன், சூசன் ஜேக்கல் முதலானோர் அட்டாரிப் பெட்டிகளுக்குத் தீட்டிய ஓவியங்களைத் திரட்டி, இன்னதை வரைந்தவர் இன்னார் என்று குறிப்போடு ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். முதல் பெட்டி கடைக்கு வந்து அப்போது 39 ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவன் கொண்டுவந்த பெட்டி என் மேசைமேல் இன்னும் இருக்கிறது. அதை வரைந்தவரின் பெயரை அவனும் நானும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.